கம்பம் பள்ளத்தாக்கில் ஹஸ்கி கிராஸா, கோம்பையா, நாட்டுக் குட்டியா?

பொங்கல் விடுமுறைக்குக் கம்பத்துக்கு வந்திருந்த அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, கண்ணை மட்டும் பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினான். ஒரு கண் நீலமும் மறு கண் பழுப்புமாக, சாம்பலும் வெள்ளையும் கலந்த முடியுடன், இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்று சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது. படத்துக்குக் கீழே "அலாஸ்கன் ஹஸ்கி, ஒரிஜினல், பேப்பர் உண்டு" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரிக்குள் மூன்று பொய்கள் இருக்கக்கூடும் என்று நான் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அவன் கேட்டது நியாயமான கேள்வி. அவர்கள் வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் மலைக்கு மேலே, கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கம். துணைக்கும் காவலுக்கும் ஒரு நாய் வேண்டும். ஹஸ்கியோடு வேறு இனம் கலந்த கிராஸ் வாங்குவதா, நம் பக்கத்துக் காவல் நாயான கோம்பை வாங்குவதா, தெருவோரத்தில் பிறந்த நாட்டுக் குட்டியை எடுத்து வளர்ப்பதா? இந்தப் பள்ளத்தாக்கில் இதே கேள்வியோடு இப்போது பல வீடுகள் இருப்பதால், அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். அலாஸ்கன் ஹஸ்கியை ஓர் இனமாகக் கென்னல் கிளப்புகள் பதிவு செய்வதில்லை. பனிச்சறுக்கு வண்டி இழுப்பதற்கென்றே அலாஸ்காவில் கலந்து கலந்து உருவாக்கப்பட்ட நாய்களுக்கு அங்கே பொதுவாக வழங்கும் பெயர் அது. 1890களின் பிற்பாதியில் கனடாவின் கிளாண்டைக்கிலும், பிறகு அலாஸ்காவின் நோம் கடற்கரையிலும் தங்கம் கிடைத்தபோது, சாலையில்லாத அந்தப் பனிக்காட்டில் சுமை ஏற்றிச் செல்ல நாயைவிட்டால் வழியில்லை என்பதால், தெற்கேயிருந்து கையில் அகப்பட்ட பெரிய நாய்களையெல்லாம் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவை அங்கிருந்த கிராமத்து நாய்களோடு கலந்தன. பெரிங் கடலுக்கு அப்பால் சைபீரியாவில் சுக்சி மக்கள் வளர்த்த சிறிய, விரைவான நாய்கள் 1908, 1909 வாக்கில் நோமுக்கு வந்தன. 1910இல் நடந்த 408 மைல் பந்தயத்தில் அந்த நாய்கள் பூட்டிய வண்டிதான் முதலில் வந்தது. 1925இல் நோம் நகரில் தொண்டை அடைப்பான் பரவியபோது, நெனானாவிலிருந்து 674 மைல் தூரத்தை 20 வண்டியோட்டிகள் முறை மாற்றி ஓட்டி, சுமார் 150 நாய்களைக் கொண்டு ஐந்தரை நாளில் மருந்தைச் சேர்த்த கதை உலகறிந்தது. 1930இல் அமெரிக்கக் கென்னல் கிளப் சைபீரியன் ஹஸ்கியை ஓர் இனமாக ஏற்றுக்கொண்டது. அதன்பின் சைபீரியன் ஒரு வழியிலும் அலாஸ்கன் வேறு வழியிலும் போயின.

சைபீரியனுக்கு உயரம், நிறம், முகக்குறி என்று எழுதிவைத்த இலக்கணம் உண்டு. அலாஸ்கனுக்கு ஓட்டம் ஒன்றுதான் இலக்கணம். நம் பக்கத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்குத் தேன்சிட்டு, பூஞ்சிட்டு என்று பந்தயப் பிரிவு பிரித்து மாடு பூட்டுகிறவர், மாட்டின் ஓட்டத்தைப் பார்ப்பாரே தவிர நிறத்துக்குக் காசு கொடுக்கமாட்டார். அலாஸ்காவின் வண்டியோட்டிகளும் அப்படித்தான். வேகம் வேண்டுமென்றால் பாயிண்டர் போன்ற வேட்டை நாயைச் சேர்த்தார்கள். நெடுந்தூரம் தாங்க வேண்டுமென்றால் சைபீரியன், மாலமூட் என்ற வண்டி நாய்களின் இரத்தத்தைக் கூட்டினார்கள். 2010இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு இதையே உறுதிப்படுத்தியது. 1973 முதல் ஆண்டுதோறும் நடக்கும் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தின் ஏறத்தாழ ஆயிரம் மைல் தூரத்தை ஓடுகிற நாய்களில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவையே. பந்தய நாட்களில் அந்த நாய் ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரி அளவுக்கு எரிக்கிறது. அவற்றில் பல குறுமுடியும் தொங்கும் காதுமாகப் பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும். நீலக் கண்ணும் இருக்க வேண்டியதில்லை. விளம்பரத்தின் முதல் இரண்டு சொற்களும் இதனால் அடிபட்டுப் போகின்றன. கலப்பாகவே பிறக்கிற ஒன்றுக்கு "ஒரிஜினல்" என்று என்ன இருக்கிறது?

மூன்றாவது சொல் "பேப்பர்". இனமாகப் பதிவாகாத நாய்க்கு வம்சாவளிச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? நான் ஒரு முறை கேட்டுப் பார்த்தபோது விற்பவர் எடுத்துக் காட்டியது தடுப்பூசி அட்டை. அதிலும் ஊசி போட்ட தேதிக்கு எதிரே மருத்துவரின் கையெழுத்தைக் காணோம். வணிக நோக்கில் இனப்பெருக்கத்துக்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2016இல் தடை செய்தது. ஆகவே இங்கே அலாஸ்கன் என்ற பெயரில் கிடைப்பது, ஏற்கனவே உள்நாட்டில் இருக்கும் சைபீரியன் ஹஸ்கியோடு வேறொன்றைச் சேர்த்த கிராஸ் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். அந்த "வேறொன்று" எது என்பதைப் பொறுத்து நாயின் குணமும் நோயும் மாறும். ஜி.எஸ்.டி. என்று வரியைப்போலச் சுருக்கிச் சொல்லப்படும் ஜெர்மன் ஷெப்பர்டோடு சேர்த்தால் காவல் புத்தி கொஞ்சம் வரலாம். ஆனால் இரு பக்கமும் அடர்முடி என்பதால் வெயிலுக்கு எந்தச் சலுகையும் கிடைக்காது, இடுப்பு மூட்டுக் கோளாறும் கூடவே வரக்கூடும். பொமரேனியனோடு சேர்த்த பாம்ஸ்கி அடுக்குமாடி வீட்டுக்கு ஆசைப்பட்டு உண்டாக்கப்பட்டது; அதைப் பற்றி இங்கே பேசத் தேவையில்லை. லாப்ரடார் கலப்பே இவற்றில் மனிதரோடு இணங்கிப் போகக்கூடியது என்பது என் கணிப்பு. ஆனால் எந்தக் கலப்பிலும் ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகள் ஐந்து விதமாக வளரும். நீலக் கண்ணுக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தாலே கண் நீலமாகலாம் என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியிருப்பதால், கண்ணைப் பார்த்து மற்ற குணங்களை ஊகிக்க இடமே இல்லை. பிள்ளைகள் பார்ப்பதோ அந்தக் கண்ணைத்தான்.

சென்ற சித்திரையில் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வெளியூர் போனபோது, அவருடைய ஹஸ்கி, லாப்ரடார் கலப்பு நாயைப் பதினொரு நாட்கள் என் வீட்டில் வைத்திருந்தேன். அழகான நாய். வந்த ஐந்து நிமிடத்தில் என் மனைவியின் மடியில் தலையை வைத்துவிட்டது. மீட்டர் கணக்கெடுக்க வந்தவரையும் அதே அன்போடு வரவேற்றது. இரண்டாம் நாள் காலை, குழாயடியில் துணி அலசிய தண்ணீர் ஓடும் ஈரமண்ணை முன்னங்கால்களால் பிறாண்டத் தொடங்கியது. நான்காம் நாள் அங்கே ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம்; அதற்குள் வயிற்றைக் குளிர்மண்ணில் அப்பி, நாக்கைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, கண்ணை மூடாமல் மதியம் முழுவதும் இரைத்துக்கொண்டே கிடக்கும். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன் அதில் ஒரு காலை நனைத்துக்கொள்ளும். நாய்க்கு வியர்வை சுரப்பது பாதத்தில் மட்டும்தான் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்தக் காலைப் பார்த்த பிறகுதான் அது மனதில் பதிந்தது. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி தொடங்கியதும் தானும் கழுத்தை நிமிர்த்தி நீளமாக ஊளையிடும். ஊளையென்றால் வீட்டில் சாவு விழும் என்று நம்புகிற தெருவில் இதற்கு என்ன பதில் சொல்வது? எட்டாம் நாள் ஐந்தடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு நாட்டுக்கோழியைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தது. அறுநூறு ரூபாய் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தேன்.

இவற்றில் எதுவும் அந்த நாயின் குற்றமில்லை. வண்டியிழுக்கும் நாய்க்கு எவை சிறப்போ, அவையே கம்பத்துத் தெருவில் தொல்லையாகின்றன. கழுத்தில் பட்டை இறுகினால் நின்றுவிடாமல் இன்னும் வேகமாக முன்னே இழுக்க வேண்டும் என்பது அதன் இரத்தத்தில் ஊறியது. அதைத்தான் மூட்டுவலிக்காரியான என் அக்கா சங்கிலியில் பிடித்து நடக்க வேண்டும். கூட்டமாகவே வாழ்ந்து பழகிய வம்சம் என்பதால் தனிமையைத் தாங்காது, கதறும். வழியில் எந்த மனிதரைக் கண்டாலும் நட்புக் கொள்ளும் என்பதால் காவலுக்கு உதவாது. திருடன் வந்தால் அவனுக்கும் வாலை ஆட்டும். சிறு பிராணிகளைத் துரத்தும் வெறி மட்டும் குறையவே குறையாது. ஒன்றை மட்டும் அதன் பக்கமாகச் சொல்லலாம்: இருபது, இருபத்தைந்து கிலோ உடம்புக்கு அது அதிகம் தின்பதில்லை.

வெயிலைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். கோடையில் கம்பத்தில் 37 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும் நாட்கள் உண்டு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 105ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மொட்டையடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பவர்களின் பேச்சைக் கேட்கக் கூடாது. மேல்முடி வெயிலைத் தடுக்கும் கூரையாகவும் இருப்பதால், அதை மழித்தால் தோல் வேகும், முடியும் பழையபடி வளரும் என்று உறுதியில்லை.

"அப்படியானால் மலைக்கு மேலே தோட்டத்தில் வைத்துக்கொள்ளலாமே மாமா, அங்கேதான் குளிருதே" என்று மருமகன் மடக்கினான். பலரும் ஏமாறுகிற இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குளிர் வேறு, ஈரம் வேறு. அலாஸ்காவின் குளிர் உலர்ந்த குளிர். பனி முடியின் மேலே உதிர்ந்துபோகும், அடிமுடி நனையாது. வண்டன்மேடு, நெடுங்கண்டம், குமுளிப் பக்கத்தில் ஆனி பிறந்ததிலிருந்து சாரல் விடுவதில்லை. ஐப்பசி மழை அதற்குப் பின்னாலேயே வந்துவிடும். ஏலச்செடியின் ஈரத்துக்குள் ஒரு சுற்று வந்த நாயின் அடிமுடி, ஏலம் உலர்த்தும் ஸ்டோர் அறையின் சூட்டில் வைத்தால்கூட முழுதாகக் காய ஒரு நாள் ஆகும். அடர்முடியின் அடியில் ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும், பூஞ்சை பிடிக்கும். அட்டை கால்விரல் இடுக்கில் ஏறும். உண்ணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் உண்ணிக் காய்ச்சல் வந்துவிடும். ஏலத்துக்கு மருந்தடித்த பாத்தியில் ஓடிவந்து பாதத்தை நக்குகிற நாய்க்கு என்ன ஆகும் என்று தோட்டக்காரர்களுக்குத் தெரியும். இரவில் சிறுத்தை வந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலிலிருந்து நாயைத் தூக்கிப்போவதும் மலையில் புதிய செய்தி இல்லை. ஊளையிட்டுத் தன் இருப்பிடத்தை அறிவிக்கிற நாய்க்கு அங்கே ஆயுள் குறைவு.

கீழே பள்ளத்தாக்கிலும் ஓர் ஆபத்து உண்டு. அது எல்லா நாய்க்கும் பொது என்றாலும் இங்கே சொல்லியாக வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். அதே திராட்சை நாய்க்கு நஞ்சு, சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். பந்தலுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தை லாப்ரடார் கலப்பு நாய் விட்டுவைக்காது. குணத்தில் அதுவே மேல் என்று முன்பு சொன்னேன். திராட்சைத் தோட்டத்தை ஒட்டி வீடு இருப்பவர்கள் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கோம்பை. உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊரின் பெயரே நாய்க்கும் பெயராயிற்று. செவலை உடல், கருவாய், குறுமுடி, அகன்ற நெஞ்சு. பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் இந்த மலையடிவாரத்திலேயே பழகிய நாய். ஈரம் துடைத்தால் கால் மணி நேரத்தில் உலர்ந்துவிடும் முடி. 2020 ஆகஸ்ட் 30 அன்று வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் சொன்ன பிறகு விலையும் ஏறியது, போலியும் பெருகியது. செவலையாகப் பிறந்த குட்டியெல்லாம் இப்போது கோம்பைதான். சுதேசி என்பதற்காக அதன் குறையை மறைக்க நான் விரும்பவில்லை. கோம்பை ஒருவரை எசமானராக ஏற்றுக்கொண்டால் மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளுமே தவிர வரவேற்காது. காலையில் ஜீப்பில் வந்து இறங்கும் பெண் தொழிலாளர்கள் பத்துப் பேரை அது குட்டியிலிருந்தே பார்த்து, மோந்து, அவர்கள் கையால் சோறு தின்று பழகவில்லையென்றால், ஒரு நாள் யாரையாவது கடிக்கும். அதற்குப் பொறுப்பு நாயைக் கட்டிப்போட்டே வளர்த்தவருடையது. முதன்முதலாக நாய் வளர்க்கும் கல்லூரி மாணவனுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தோட்டத்திலேயே இரவும் பகலும் தங்கி வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி ஒருவர் இருந்து, அவரே வளர்ப்பதானால், தாராளமாக வாங்கலாம். கேரளப் பஞ்சாயத்தில் நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும் என்பதையும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை என்பதையும் மலையேறும் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென்றே பிறந்தவை. கரிசல் வெளியில் அவற்றுக்கு ஈடில்லை. மேலே தோட்டத்தில் மார்கழிக் குளிருக்கு அந்த மெல்லிய தோல் நடுங்கும், கீழே தெருவில் அவையும் ஹஸ்கியைப் போலவே கோழியைத் துரத்தும். ராஜபாளையத்தின் வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதுண்டு. வாங்குமுன் பின்னாலிருந்து கைதட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவு போதும்.

நாட்டுக் குட்டிக்கு விளம்பரம் கிடையாது. வண்டிப்பேட்டையிலும் அரிசி ஆலைத் திண்ணையிலும் ஆண்டுதோறும் பிறக்கிறது. வெயில், மழை, தெருச்சத்தம் எல்லாவற்றுக்கும் தலைமுறை தலைமுறையாக வடிகட்டப்பட்ட உடம்பு. மோர்ச்சோற்றையும் முட்டையையும் தின்று பதினான்கு, பதினைந்து ஆண்டு இருக்கும் நாய்களைப் பார்த்திருக்கிறேன். அந்நியர் வந்தால் குரைக்கும், சொந்தக்காரர் வந்தால் இரண்டாவது முறையே அடையாளம் கண்டு வாலாட்டும். பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய் ஊசிகளை அரசுக் கால்நடை மருத்துவமனையில் காலத்தில் போட்டு, பூச்சி மருந்தும் கொடுத்து, கருத்தடையும் செய்துவிட்டால் பெண்குட்டியே வீட்டுக்கு உகந்தது. எதிர்வாதமாக மருமகன் சொன்னது ஒன்றே ஒன்று: "பிரெண்ட்ஸ் வந்தா என்ன சொல்வேன் மாமா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, அது நாயைப் பற்றிய கேள்வியும் இல்லை.

நான் அவனிடம் திருப்பிக் கேட்டது வேறு. அவன் மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். மாதம் ஒரு முறை வருகிறான். அவன் அப்பா திங்கள் காலை தோட்டத்துக்குப் போனால் சனி இரவுதான் இறங்குகிறார். ஆக, படத்தில் குட்டியைத் தேர்ந்தெடுப்பவன் அவன், பணம் கொடுப்பவர் அவன் அப்பா, காலை ஐந்தரைக்கு எழுந்து அதை ஓட்டிச் சென்று மலம் கழிக்கவைத்து, ஆண்டுக்கு இரு முறை கொத்துக் கொத்தாக உதிரும் முடியைப் பெருக்கி, சாக்கடை அடைப்பெடுப்பவள் என் அக்கா. அவளிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை. அக்காவின் வீட்டுக்கு, அவளுடைய மூட்டுவலியோடும் மாடியில் ஓய்வெடுக்கும் மதியங்களோடும், நாட்டுப் பெண்குட்டியே பொருந்தும் என்பது என் முடிவு. தோட்டத்துக்கு, மேஸ்திரி சம்மதித்தால், கோம்பை. ஹஸ்கி கிராஸ் வேண்டவே வேண்டும் என்றால், மூணாறு, தேவிகுளம் உயரத்தில் குடியிருந்து, நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடக்கூடிய, மழையில் நாயை வீட்டுக்குள் விட மனமுள்ள ஒருவரிடம் அது இருக்கலாம். அப்படிப்பட்டவரும் குட்டி வாங்குவதைவிட, நகரத்தில் வளர்க்க முடியாமல் கைவிடப்பட்ட வளர்ந்த நாயைக் கேட்டு எடுப்பது நல்லது; அதன் முடியும் குணமும் என்னவென்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் அந்த நீலக்கண் குட்டியைப் பார்க்கத்தான் போவேன் என்கிறான். சரி, போகட்டும். மாலையில் வரச் சொல்வார்கள். மாலையில் போகாமல் மதியம் இரண்டு மணிக்குப் போக வேண்டும். குட்டியைத் தனியாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தால் வாங்காமல், தாய் நாயைக் காட்டச் சொல்ல வேண்டும். தாய் எங்கே படுத்திருக்கிறது, தரை ஈரமா, மின்விசிறி இருக்கிறதா, எப்படி இரைக்கிறது, முடிக்கு அடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்ணில் புரை விழும் நோய் பெற்றோருக்கு இருந்ததா என்றும் கேட்டுவிட்டு, அக்காவையும் கூட அழைத்துக்கொண்டு போயிருந்தால் அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அதன்பின் பணத்தை எடுக்கட்டும்.